காதுச் சவ்வில் ஓட்டை: அடைக்கலாமா, அப்படியே விடலாமா, மிஷின் வைக்கலாமா?

எங்கள் குடும்பத்தில் சவ்வு ஓட்டையான காதுகள் நான்கு. என் இடது காது, அம்மாவின் வலது காது, சித்தி மகனின் காது, இப்போது அக்கா மகளின் காது. நான்குக்கும் நான்கு விதமாக முடிவெடுத்தோம். நான் 2019-ல் ஆபரேஷன் செய்துகொண்டேன், அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று காது கேட்கும் மிஷின் வாங்கினோம், சித்தி மகனுக்கு யோசிக்கவே நேரம் இருக்கவில்லை, அக்கா மகளுக்கு இன்னும் காத்திருக்கிறோம். "சவ்வுல ஓட்டை இருக்கு, அடைச்சிடலாம்" என்று ஈ.என்.டி டாக்டர் சொல்லி, கையில் ஆடியோகிராம் தாளோடு, அதாவது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்த தாளோடு, வீட்டுக்கு வந்து, செய்யலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பத்து வருடமாகக் காது வார்டு வாசலில் உட்கார்ந்து, கேட்டு, படித்து, அனுபவித்துத் தெரிந்துகொண்டது இது. உங்கள் காதைப் பார்த்தவர் சொல்வதற்கு மேல் இதை வைக்காதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

காதுச் சவ்வு ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள தோல். அதற்கு இரண்டு வேலை. சத்தத்தை வாங்கி உள்ளே இருக்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகளுக்குக் கொடுப்பது ஒன்று. வெளியில் இருக்கும் தண்ணீரும் அழுக்கும் நடுக்காதுக்குள் போகாமல் கதவு மாதிரி நிற்பது இன்னொன்று. ஓட்டை விழுந்தால் இரண்டும் கெடும், ஆனால் ஒரே அளவுக்குக் கெடாது. எனக்குக் கேட்பது கொஞ்சம்தான் குறைந்தது, ஆனால் தலைக்குக் குளித்தாலே சீழ். அம்மாவுக்குச் சீழ் நின்று வருடக்கணக்காகிறது, ஆனால் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். எந்த வேலை கெட்டதால் நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள், பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

முதலில், எந்த ஓட்டை?

அறை வாங்கியோ, பட்ஸ் குத்தியோ, பக்கத்தில் வெடி வெடித்தோ புதிதாகக் கிழிந்த சவ்வு என்றால் அவசரப்பட வேண்டியதே இல்லை. இப்படிக் கிழிந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதத்தில் தானே மூடிவிடும். அதுவரை செய்யவேண்டியது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது, எதையும் உள்ளே ஊற்றாமல் இருப்பது, மூக்கை அழுத்திச் சிந்தாமல் இருப்பது, அவ்வளவுதான். கிழிந்த அன்றே ஊற்றுகிற பூண்டு எண்ணெயும் கற்பூரவல்லிச் சாறும்தான் பல காதுகளைக் கெடுத்திருக்கின்றன. ஒரு விஷயம் மட்டும் தள்ளிப்போடக் கூடாது: அடிபட்ட உடனே தலை சுற்றினாலோ, கேட்பது ரொம்பவே குறைந்தாலோ, முகம் கோணினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கிழிசல் சவ்வோடு நிற்காமல் உள்காது வரை அடி போயிருக்கலாம்.

சிறு வயதிலிருந்து சளி பிடிக்கும்போதெல்லாம் ஒழுகி ஒழுகி நிரந்தரமாகிவிட்ட ஓட்டை வேறு வகை. இதில் இரண்டு ரகம், நம் ஊர் டாக்டர்கள் 'சேஃப் இயர்', 'அன்சேஃப் இயர்' என்று சொல்வார்கள். சவ்வின் நடுப்பகுதியில், சுற்றிலும் சவ்வு மிச்சம் இருக்கிற ஓட்டை முதல் ரகம். சளி மாதிரி நிறையவே ஒழுகும், பெரிதாக நாற்றம் இருக்காது, சளி பிடித்தாலோ தண்ணீர் போனாலோ திரும்ப வரும். இரண்டாவது ரகத்தில் சவ்வின் மேல் பகுதியோ ஓரமோ உள்ளே இழுத்துக்கொண்டு பை மாதிரி ஆகி, அந்தப் பைக்குள் தோல் உரிந்து உரிந்து சேரும். கொலஸ்டியடோமா என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், புற்றுநோய் கிடையாது. ஆனால் பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும். ஒழுகுவது கொஞ்சமாகத்தான் இருக்கும், நாற்றம் மட்டும் தாங்காது. வலியே இருக்காது என்பதால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சித்தி மகன் ஆறு வருடம் அப்படித்தான் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் பைக்கில் போகும்போது தலை சுற்றிக் கீழே விழுந்தான். சிடி ஸ்கேனில் பார்த்தபோது காதுக்குள் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் குழாயின் மேல் எலும்பே அரித்துப் போயிருந்தது. இந்த ரகம் என்று டாக்டர் சொன்னால், கீழே நான் எழுதுகிற ஒப்பீடுகளில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. முக நரம்பு, உள்காது, அதற்கு மேலே மூளையின் உறை எல்லாம் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஆபரேஷன்தான். எப்படிப்பட்ட ஆபரேஷன் என்பதில் மட்டும்தான் உங்களுக்குத் தேர்வு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஓட்டை நடுவிலா ஓரத்திலா? மைக்ராஸ்கோப் வைத்துச் சுத்தம் செய்து முழுச் சவ்வையும் பார்த்துவிட்டீர்களா?" என்பது. சீழ் நிறைந்த காதில் டார்ச் அடித்துப் பார்த்து யாராலும் இதைச் சொல்ல முடியாது. உறிஞ்சு குழாய் வைத்துத் துடைத்து, காய வைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாளே, காதைச் சுத்தம்கூடச் செய்யாமல் ஆபரேஷன் தேதி குறித்துக் கொடுத்த ஓர் இடத்திலிருந்து நான் எழுந்து வந்தேன். இன்னொரு டாக்டரைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

அந்தத் தாளில் இருக்கும் இரண்டு கோடுகள்

ஆடியோகிராம் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கோடு இருக்கும். ஹெட்போன் வழியாக, அதாவது காற்று வழியாக, எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று. காதுக்குப் பின்னால் எலும்பில் கருவியை வைத்துப் பார்ப்பது இன்னொன்று, அது சவ்வைத் தாண்டி நேராக நரம்பைச் சோதிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஓட்டையாலும், மூன்று குட்டி எலும்புகளும் கோத்து நிற்கும் எலும்புச் சங்கிலி கெட்டதாலும் நீங்கள் இழந்தது. ஆபரேஷனால் மீட்க முடிந்தது அந்த இடைவெளி மட்டும்தான். எலும்புக் கோடே கீழே இறங்கியிருந்தால் அது நரம்பின் பலவீனம், எந்தச் சவ்வு வைத்தாலும் அது ஏறாது. டெசிபல் எண் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம். என் தாளில் எலும்புக் கோடு 10 டெசிபலில் இருந்தது, காற்றுக் கோடு 35-ல். அதாவது 25 டெசிபல் மீட்க வாய்ப்பு. அம்மாவின் தாளில் எலும்புக் கோடே 45, காற்றுக் கோடு 70. இடைவெளி அவருக்கும் அதே 25தான். ஆனால் ஓட்டையை அடைத்து அது முழுதாகத் திரும்பினாலும் 45-ல் நிற்பார், அப்போதும் மிஷின் வேண்டும். ஒரே ஓட்டை, ஒரே இடைவெளி, ஆனால் இரண்டு பேருக்கும் வேறு வேறு பதில் வந்தது இந்த ஒரு எண்ணால்தான்.

இடைவெளி 40-ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ ஓட்டையோடு எலும்புச் சங்கிலியும் அறுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். நாள்பட்ட சீழில் முதலில் கரைவது பெரும்பாலும் பட்டடை எலும்பின் நுனி. அப்படியானால் ஆபரேஷனில் சவ்வோடு சங்கிலியையும் ஒட்ட வேண்டிவரும், கேட்பது திரும்பும் என்ற நம்பிக்கை அந்த அளவுக்குக் குறையும். இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அப்படியே விட்டுவிடுவது

இதை ஒரு தோல்வி மாதிரிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டை நடுவில், காது உலர்ந்திருக்கிறது, மறு காது நன்றாக இருக்கிறது, கேட்பதில் பெரிய குறை தெரியவில்லை என்றால், வருடம் ஒருமுறை காட்டிக்கொண்டு விட்டுவிடுவது முழுக்க நியாயமான முடிவு. நான் நான்காம் வகுப்பிலிருந்து 35 வயது வரை அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் விடுவது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. குளிக்கும்போது பஞ்சை வாஸ்லினில் நன்றாகத் தோய்த்துக் காது வாசலில் அடைக்க வேண்டும். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளேதான் அனுப்பும். கிணறு, குளம், நீச்சல் குளம் கிடையாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தலைக்கு மட்டும், காதில் இரண்டு சொட்டு விடுகிற வழக்கம் அடியோடு நிற்க வேண்டும், பாட்டி கோபித்துக்கொண்டாலும். ஹேர்பின், ஊக்கு, கோழி இறகு, பட்ஸ், பஸ் ஸ்டாண்டில் காது குடைகிறவர் எல்லாம் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். ஒழுகினால் சுத்தமான பருத்தித் துணியையோ டிஷ்யூவையோ திரி மாதிரித் திரித்து வாசலில் வைத்து உறிஞ்சி எடுங்கள். உள்ளே குத்த வேண்டாம். ஒரு நிம்மதி, விமானத்தில் போவதற்குப் பயப்பட வேண்டாம். ஓட்டைக் காதில் அழுத்தம் தானே சமமாகிவிடுவதால் மற்றவர்களுக்கு வருகிற காது வலி நமக்கு வராது.

சொட்டு மருந்து பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையக் காதுகள் இங்கேதான் கெடுகின்றன. ஒழுகும் காதுக்கு மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் நன்றாக வேலை செய்கிறது, மருந்து நேராக இடத்துக்குப் போகிறது. ஆனால் எந்தச் சொட்டு என்பது முக்கியம். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஓட்டைக் காதுக்குப் பாதுகாப்பானவை. ஜென்டாமைசின், நியோமைசின் சேர்ந்தவை ஓட்டை வழியாக உள்காதுக்குப் போனால் நரம்பைக் கெடுக்கக் கூடியவை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்காமல் சீட்டில் எழுதியிருப்பதோடு பெயரைச் சரிபாருங்கள். இன்னொன்று, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அரிப்பு தாங்காது, உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாள் மாதிரி இருக்கும். அதற்கு மருந்தே வேறு, அதே சொட்டை இன்னும் கூட்டினால் பூஞ்சைதான் கூடும். சீழ் நிறைந்திருக்கும்போது மேலே மருந்தை ஊற்றினால் அது உள்ளே போகவும் போகாது. முதலில் துடைத்துவிட்டு, படுத்துக்கொண்டு விட்டு, காது வாசலுக்கு முன்னால் இருக்கும் சதையை நாலைந்து முறை அமுக்கி, சில நிமிடம் அப்படியே படுத்திருங்கள்.

விட்டுவிடுவதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஒழுகும் காதில், ஒவ்வொரு முறையும் எலும்புச் சங்கிலிக்கு ஏதோ கொஞ்சம் சேதம் சேர்கிறது, பல வருடங்களில் நரம்பும் தேயலாம். எனக்கு இருபத்தைந்து வயதில் 15 ஆக இருந்த இடைவெளி முப்பத்தைந்தில் 25 ஆகியிருந்தது. பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது. நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டதற்கு முக்கியமான காரணம் அதுதான். இரண்டாவது காரணம், பெண்ணை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஓட்டையை அடைப்பது

டிம்பனோபிளாஸ்டி என்று எழுதியிருப்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இருவர் இதற்கு ஒழுங்கான முறை வகுத்தார்கள். அப்போது தோலை எடுத்து ஒட்டினார்கள், அது புண்ணாகித் தொல்லை கொடுத்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் காதுக்கு மேலே இருக்கும் தசையின் மெல்லிய வெள்ளை உறையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், இன்றும் அதுதான் பெரும்பாலும். நம் உடம்பிலிருந்தே எடுப்பதால் உடம்பு அதைத் தள்ளாது. இதில் ஒரு விஷயம் எனக்குப் புரிய நாளாயிற்று. அந்த உறை, கட்டடம் கட்டும்போது போடுகிற சாரம் மாதிரிதான். டாக்டர் ஓட்டையின் ஓரத்தைப் புதுக் காயமாக்கி, உறையை அடியில் விரித்து, கரையும் பஞ்சால் தாங்கி வைத்துவிடுகிறார். அதன்மேல் நம் சவ்வுதான் ஊர்ந்து வளர்ந்து மூட வேண்டும். அதனால்தான் அதற்குப் பின் வருகிற வாரங்களில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் ஆபரேஷனின் ஒரு பகுதி.

இதற்குள்ளேயே மூன்று தேர்வுகள் உங்கள் முன்னால் வரும். தசை உறையா, குருத்தெலும்பா? காது வாசலுக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பில் மெல்லிய துண்டு எடுத்து வைப்பதும் உண்டு. அது விறைப்பானது, எளிதில் சுருங்காது, பெரிய ஓட்டை, ஏற்கனவே ஒருமுறை தோற்ற காது, உள்ளே இழுத்துக்கொள்ளும் காது இவற்றுக்கு நல்லது. விறைப்பாக இருப்பதால் கேட்பது குறையுமோ என்று நானும் பயந்தேன், பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம், காதுக்குப் பின்னால் கீறி மைக்ராஸ்கோப்பில் செய்வதா, காது வழியாகவே எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயில் செய்வதா? எண்டோஸ்கோப்பில் பெரிய தழும்பு இல்லை, வலி குறைவு, காதின் மூலை முடுக்கெல்லாம் தெரிகிறது. ஆனால் டாக்டருக்கு ஒரு கை எண்டோஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், ரத்தம் வந்தால் ஒற்றைக் கையோடு சமாளிக்க வேண்டும். இதில் என் கருத்து நேரானது: உங்கள் டாக்டர் எதில் கை தேர்ந்தவரோ அதில் செய்யச் சொல்லுங்கள். தழும்பு முடிக்குள் மறைந்துவிடும், எனக்கு இப்போது தேடினால்தான் தெரிகிறது. கருவிக்காக டாக்டரை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது, முழு மயக்கமா, மரத்துப்போகும் ஊசியா? பெரியவர்களுக்கு நம் ஊரில் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்வது சாதாரணம். நான் அப்படித்தான் செய்துகொண்டேன். வலி இல்லை, ஆனால் காதுக்குள் கருவிகள் உரசும் சத்தம் இடி மாதிரிக் கேட்கும், ஒன்றரை மணி நேரம் கழுத்தைத் திருப்பியபடி அசையாமல் படுக்க வேண்டும். படபடப்பு உள்ளவர்கள், கழுத்து வலி உள்ளவர்கள் தயங்காமல் முழு மயக்கம் கேளுங்கள். குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான்.

எத்தனை பேருக்கு மூடுகிறது? நடுவில் உள்ள சாதாரண ஓட்டைக்குப் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு மூடிவிடுகிறது. ஓட்டை பெரிதாக இருந்தால், மறு காதும் ஒழுகுகிறதென்றால், புகைபிடித்தால், ஏற்கனவே ஒருமுறை தோற்றிருந்தால் இந்தக் கணக்கு இறங்கும். மூடுவதும் கேட்பதும் ஒன்றில்லை என்பதையும் மனதில் வையுங்கள். சவ்வு அழகாக மூடியும் கேட்பது அப்படியே இருப்பவர்கள் உண்டு. சவ்வுக்குப் பின்னால் நாக்கின் சுவை நரம்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது, அதைத் தொட்டாலே அந்தப் பக்க நாக்கு சில மாதம் உலோகச் சுவை அடிக்கும். எனக்கு நான்கு மாதம் காபி காபியாக இல்லை. காது மடல் மரத்திருந்ததும் அதே அளவு காலம். நரம்பு பாதித்துக் கேட்பது முழுக்கப் போவதும் முகம் கோணுவதும் இந்தச் சாதாரண ஆபரேஷனில் மிக அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. அதனால்தான் கேட்கிற ஒரே காதாக இருந்தால் எந்த டாக்டரும் எளிதில் கை வைக்க மாட்டார். இரண்டு காதிலும் ஓட்டை என்றால் மோசமான காதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அதற்குப் பின் வருகிற நாட்கள் யாரும் முழுதாகச் சொல்லாதவை. காதுக்குள் பஞ்சு அடைத்திருப்பதால் முதல் சில வாரம் முன்பைவிடக் குறைவாகத்தான் கேட்கும், அழுதுவிடாதீர்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், டாக்டர் சொல்லும் வரை விமானம் ஏறக் கூடாது, தண்ணீர் சொட்டுக்கூடப் போகக் கூடாது. சளி பிடித்தவர்கள் பக்கத்தில் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. அலுவலக வேலை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம், மூட்டை தூக்குகிறவர்கள், வயலில் இறங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் தேதி குறிக்காதீர்கள். அடைமழைக் காலத்தையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கேட்பது கூடியதா இல்லையா என்பது மூன்றாம் மாத ஆடியோகிராமில்தான் தெரியும். எனக்கு 35-லிருந்து 15-க்கு வந்தது. ஆறாம் மாதம் டாக்டர் சரி என்ற பிறகு பெண்ணோடு நீச்சல் குளத்தில் இறங்கினேன்.

மிஷின் வைப்பது

அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. வயது மட்டும் ஆபரேஷனுக்குத் தடை இல்லை என்று டாக்டரே சொன்னார். ஆனால் மேலே எழுதிய அந்த 45தான் தீர்மானித்தது. ஆபரேஷன் செய்தாலும் மிஷின், செய்யாவிட்டாலும் மிஷின், காது வேறு உலர்ந்தே இருக்கிறது. அப்படியானால் கத்தி எதற்கு? சவ்வு நன்றாக இருந்த இடது காதிலும் வயதால் நரம்பு தேய்ந்திருந்தது, அந்தக் காதுக்கே மிஷின் வைத்தோம். வலது காது பாட்டுக்கு வாஸ்லின் பஞ்சோடு இருக்கிறது.

ஒழுகும் காதில் மட்டும் மிஷின் வேண்டாம். காதுக்குள் அச்சு வைத்து அடைக்கும்போது காற்றோட்டம் நின்று இன்னும் ஒழுகும், மிஷினும் பாழாகும். அந்தக் காதுக்கே மிஷின் வேண்டும் என்றால் முதலில் காய வைக்க வேண்டும், காயவே மாட்டேன் என்றால் அடைக்கிற ஆபரேஷனுக்கு அதுவே ஒரு காரணமாகிறது. எலும்பு வழியாகச் சத்தம் அனுப்பும் கருவிகளும் இருக்கின்றன, காதை அடைக்காமல் மண்டை எலும்பு வழியாக நரம்புக்குப் போகும். இரண்டு காதும் ஒழுகி, நரம்பு மட்டும் நன்றாக உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி, விலைதான் கூடுதல். மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஆடியோகிராம் எடுக்காமல் ஆன்லைனில் சத்தம் கூட்டும் பெட்டி எதையும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகும் நாலைந்து முறை போய்ச் சத்த அளவைச் சரிசெய்ய வேண்டும். அம்மா முதல் மாதம் மிஷினை அலமாரியில் வைத்துவிட்டார், பாத்திரச் சத்தம் தலையில் அடிக்கிறது என்று. மிஷினைச் சரிசெய்து கொடுக்கும் ஆடியாலஜிஸ்டிடம் மூன்று முறை கூட்டிப்போய்க் குறைத்த பிறகுதான் காலையில் எழுந்ததும் தானே எடுத்து மாட்டத் தொடங்கினார்.

சித்தி மகனின் காது

கொலஸ்டியடோமாவுக்குச் செய்வது மாஸ்டாய்டு ஆபரேஷன், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைக் குடைந்து அந்தத் தோல் பையை முழுதாக எடுப்பது. இதில் தேர்வு, காதுக் குழாயின் பின் சுவரை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்பது. சுவரை வைத்தால் காது இயல்பாக இருக்கும், தண்ணீர் பயம் குறைவு. ஆனால் ஒளிந்திருக்கும் ஒரு துளி தோல்கூடத் திரும்ப வளரும், அதனால் சுமார் ஒரு வருடத்தில் மறுபடி திறந்தோ தனி வகை எம்ஆர்ஐ எடுத்தோ பார்க்க வேண்டும். சுவரை எடுத்தால் எல்லாம் ஒரே குகையாகி டாக்டர் கண்ணுக்கு நேராகத் தெரியும், நோய் திரும்ப வந்தால் உடனே பிடிக்கலாம். ஆனால் அந்தக் குகையை ஆயுள் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை என்று சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரோ காற்றோ போனால் தலை சுற்றும். எங்கள் பையன் டிரைவர், ஊர் ஊராகச் சுற்றுகிறவன், ஒரு வருடம் கழித்துச் சொன்ன தேதிக்கு வருவானா என்ற சந்தேகம் எங்களுக்கே இருந்தது. நோயும் நிறையப் பரவியிருந்தது. டாக்டர் சுவரை எடுத்துவிட்டார், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சரியாகத் திரும்பி வருவோம் என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்கள் சுவரை வைப்பதைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஈ.என்.டி பிரிவு இருக்கிறது, இந்த ஆபரேஷன்கள் அங்கே வாடிக்கையாக நடக்கின்றன, அங்கிருக்கும் பெரிய டாக்டர்கள் செய்த எண்ணிக்கை பல தனியார் இடங்களைவிட அதிகம். காத்திருப்பு நீளம்தான், ஆனால் உலர்ந்த சேஃப் காதுக்குக் காத்திருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். உங்கள் ஆபரேஷன் அதில் வருகிறதா என்று தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

அக்கா மகளுக்கு இப்போது 6 வயது. போன வருடம் சளியோடு காது பழுத்து உடைந்து ஒழுகியது, குழந்தைகளுக்கு இப்படி உடைவது பெரும்பாலும் தானே ஆறிவிடும், அவளுக்கு ஆறவில்லை. சின்ன ஓட்டை, நடுவில். உடனே அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், கொஞ்சம் பொறுக்கலாம் என்று இன்னொருவர். நாங்கள் பொறுக்கிறோம். நடுக்காதையும் மூக்கையும் இணைக்கும் குழல் இந்த வயதில் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, அடிக்கடி சளி பிடிக்கும், அந்தச் சமயத்தில் ஒட்டினால் திரும்பத் திறக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் பலர் ஏழெட்டு வயது வரை பார்க்கிறார்கள். கேட்பது ரொம்பக் குறைந்தாலோ படிப்பு பாதித்தாலோ முன்னாலேயே செய்வதும் உண்டு. வாயைத் திறந்து தூங்குகிறாள், குறட்டையும் விடுகிறாள் என்பதால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை எடுத்தாலே காது உலர்ந்துவிடும் குழந்தைகள் இருக்கிறார்களாம். அதுவரை வகுப்பில் முதல் வரிசையில், நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லி அக்கா பள்ளியில் பேசிவிட்டு வந்தாள். டிசம்பர் விடுமுறையில் மறுபடி ஆடியோகிராம் எடுக்கிறோம்.